செருப்போடு போன செய்தி

கோழிகள் சாவதைப் பற்றி எழுதப் போனவன் நான். அந்தச் சாவை ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்குச் செருப்பில் சுமந்து போனவனும் நானே. இதை நாலு பேரிடம் வாயால் சொல்லியிருக்கிறேன். படிக்கிற ஜனங்கள் முன்னால் எழுதுவது இதுதான் முதல் தடவை.

பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஒன்பது வருஷம் செக்கிங்கில் நின்றவன் நான். தைத்து வரும் பனியனை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் பார்த்து ஒதுக்குகிற வேலை. படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. மிச்சப் படிப்பெல்லாம் டீக்கடை பெஞ்சில் பேப்பர் பார்த்தும், பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் வாயைப் பார்த்தும் வந்ததுதான். யாராவது ஒரு விஷயத்தை ருசியாகச் சொல்லிவிட்டால் சிகரெட் அட்டையைக் கிழித்தாவது எழுதி வைத்துக்கொள்வேன். அப்படிச் சேர்த்ததை வைத்து வாசகர் கடிதம் எழுதினேன். கடிதம் துணுக்காகி, துணுக்கு செய்தியாகி, கடைசியில் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர் ஆனேன். பல்லடம், பொங்கலூர், குண்டடம் என்னுடைய வட்டாரம். ஒரு மொபெட், ஒரு சின்ன கேமரா, வெள்ளை வேட்டி. வேட்டி எதற்கென்றால், பேன்ட் போட்டுக்கொண்டு போனால் தோட்டத்துக்காரர்கள் ஏதோ வரி கேட்க வந்தவன் என்று எண்ணி நாயை அவிழ்த்து விட்டுவிடுவார்கள்.

வடக்கே எங்கோ பறவைக் காய்ச்சல் வந்து, கோழிகளைக் குழியில் போட்டு மூடுவதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் பனியனுக்கு அடுத்த தொழில் கோழி. மழை ஏமாற்றிய காட்டிலெல்லாம் நீள நீளமாய் ஷெட் போட்டிருப்பார்கள். கோழிக் கம்பெனிக்காரர்கள் குஞ்சும் தீவனமும் கொடுப்பார்கள். நாற்பது நாள் வளர்த்துக் கொடுத்தால் வளர்ப்புக் கூலி. பொங்கலூர் தாண்டி ஒரு ஷெட்டில் கொத்துக் கொத்தாகச் செத்து விழுகிறது என்று ஒரு காலையில் தகவல் வந்தது. டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "கோழி செத்தா மூணு பேருத்துக்கு வேலை வந்துருமுங்க. டாக்டருக்கு, பேப்பருக்கு, நரிக்கு. நரி ஒண்ணுதான் ஆரையும் நோண்டாம வந்த வேலையைப் பாத்துட்டுப் போவும்." அதை எழுதி வைத்துக்கொண்டு சிரித்தேன்.

எங்கள் வட்டாரத்துக்கு ஒரு கோழி நோய் ஆய்வுக்கூடம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பெண் விஞ்ஞானி. தெற்கத்திக்காரர், ஐம்பது வயது இருக்கும். பேச்சு எப்போதும் பாதியில் நிற்கும். அதற்குக் காரணம் எங்கள் பத்திரிகைதான். சில வருஷம் முன்னால் அவர், நன்றாக வேகவைத்த முட்டையைத் தின்பதில் பயமில்லை என்று எங்கள் நிருபர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். நிருபர் சரியாகத்தான் எழுதிக் கொடுத்தாராம். பக்கம் கட்டுகிற டெஸ்கில் இடம் பற்றாமல் வாலை வெட்டி, தலையில் 'முட்டை பயம்: பெண் விஞ்ஞானி பேட்டி' என்று போட்டுவிட்டார்கள். மேலிடத்திலிருந்து அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து அவர் எங்கள் பேப்பரைத் தொட்டதுமில்லை, பேப்பர்காரர்களிடம் ஒரு முழு வாக்கியம் பேசியதுமில்லை.

நான் போன் செய்தேன். "இது பறவைக் காய்ச்சலாங்க மேடம்?"

"சோதிக்காம எப்படிச் சொல்லுவேன்?"

"எப்ப தெரியுமுங்க?"

"தெரியும்போது தெரியும். நீங்க ஷெட்டுப் பக்கம் போகாதீங்க தம்பி." வைத்துவிட்டார்.

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. போகாதே என்றால் அங்கே என்னமோ இருக்கிறது, மறைக்கிறார்கள் என்றுதான் ஒரு நிருபனுக்குத் தோன்றும். ஏன் போகக்கூடாது என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேராக மொபெட்டை எடுத்தேன்.

செத்த ஷெட்டில் வாடையே ஆளைத் தள்ளியது. வாசலில் குவித்துப் போட்டிருந்தார்கள். நான் குவியலுக்கு நடுவில் காலை வைத்து நின்று நாலைந்து படம் எடுத்தேன். இரண்டு கோழிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி மொபெட்டின் முன்கொக்கியில் மாட்டிக்கொண்டேன். ஆய்வுக்கூடத்துக்கு நாமே கொண்டு போய்க் கொடுத்தால் அந்த அம்மா மறுக்க முடியாது, நாலு வார்த்தை பேசித்தான் ஆக வேண்டும் என்பது என் கணக்கு. விஞ்ஞானத்துக்கு ஒத்தாசை செய்கிற நினைப்பு வேறு.

அப்போதுதான் டெஸ்கிலிருந்து போன் வந்தது. "செத்த ஷெட் படம் மட்டும் போதாதுப்பா. பக்கத்திலேயே நல்லா இருக்கிற ஷெட் படம் ஒண்ணு வேணும். ரெண்டையும் சோடி போட்டாத்தான் பக்கம் நிற்கும்." அது அவர்கள் பழக்கம். காய்ந்த காடும் பச்சைக் காடும், இடிந்த பள்ளிக்கூடமும் புதுப் பள்ளிக்கூடமும் என்று எதற்கும் சோடி கேட்பார்கள். நானும் பத்து வருஷமாகச் சோடி எடுத்துக் கொடுத்துப் பழகியவன். நல்ல ஷெட் என்றதும் என் நினைவுக்கு வந்தது மாஸ்டரின் ஷெட்தான்.

மாஸ்டர் என்றால் கட்டிங் மாஸ்டர். நான் செக்கிங்கில் நின்ற அதே கம்பெனியில் பதினெட்டு வருஷம் துணி வெட்டியவர். நூறு பனியனுக்கான துணியை ஒன்றாய் அடுக்கிக் கத்தி ஓட்டினால் ஓரம் ஒரு நூல் பிசகாது. ஆனால் வெட்டு மேஜையில் எழும்புகிற பஞ்சுத் தூசி அவர் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில், இனி அந்த அறைக்குள் கால் வைத்தால் எங்களிடம் வராதே என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி, அப்பன் விட்டுப்போன காட்டில் ஷெட் போட்டார். முதல் வருஷம் கையைக் கடித்தது. இரண்டு தடவை குஞ்சுகள் நோவில் போனதும், இன்னொரு தடவை இப்படி ஆனால் குஞ்சு கிடையாது என்று கோழிக் கம்பெனி சொல்லி வைத்திருந்தது. அவரும் அவர் சம்சாரமும் அந்த ஷெட்டைக் கோயில் மாதிரி வைத்திருந்தார்கள். குஞ்சு பிழைத்தால் அவர் மூச்சும் பிழைக்கும். குஞ்சு போனால் மறுபடி அந்த மேஜைதான். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

"வாங்கண்ணா, வாங்க. ஏனுங்க, இத்தனை வெய்யல்ல?" என்று மாஸ்டர் கேட்டுக்கொண்டே வந்தார். மொபெட்டையும் பையையும் வெளியே ரோட்டோரம் விட்டுவிட்டு நுழைந்தேன். கேட்டில் 'அந்நியர் உள்ளே வரக்கூடாது' என்று கோழிக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த தகரப் பலகை தொங்கியது. ஷெட் வாசலில் ஓர் அகலத் தட்டில் கத்தரிப்பூ நிறத்தில் மருந்துத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். உள்ளே போகிறவர்கள் அதில் காலை முக்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

"நல்ல ஷெட்டுன்னு ஒரு படம் வேணும் மாஸ்டர். உங்களுதுதான் ஞாபகம் வந்துச்சு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம ஷெட்டுங்களா?" என்றார். நான் தட்டை நோக்கி ஒரு அடி வைத்தேன். அவர் என் வேட்டியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். குனிந்து இரண்டு கையாலும் தட்டைச் சுவரோரமாக நகர்த்தினார்.

"வெள்ளை வேட்டிங்க. இந்தக் கறை பட்டா போவவே போவாதுங்க. நீங்க அப்படியே வாங்க."

எங்கள் பக்கத்து மனுஷர்களைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஊட்டுக்கு வந்தவனைப் பார்த்துக் காலைக் கழுவு என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. பேப்பர்காரன் வேறு, பழைய சிநேகிதன் வேறு. நான் அப்படியே போனேன். செத்த கோழிக் குவியலை மிதித்த அதே செருப்பு. ஐந்தாயிரம் வெள்ளைக் கோழிகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தன. குத்துக்காலிட்டு உட்கார்ந்து படம் எடுத்தேன். மாஸ்டர் சம்சாரம் மோர் கொண்டு வந்து கொடுத்தார். "நாங்களும் உள்ள நிக்கோணுங்களா படத்துல?" என்று கேட்டார். நிற்கச் சொன்னேன்.

ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது விஞ்ஞானி வாசலிலேயே பையைப் பார்த்துவிட்டார். முகம் வெளுத்துப்போனது.

"இதை மாட்டிக்கிட்டு வழியில எங்கேயாவது நிறுத்தினீங்களா?"

"இல்லீங்க மேடம். நேரா இங்கதான்."

 வாத்தியார் முன்னால் நின்ற எட்டாவது வகுப்புக்காரன் மாதிரி ஆகிவிட்டேன், அவ்வளவுதான். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே மாஸ்டர் ஷெட்டுக்கு ஆள் போயிருக்கும். அவர் பையை நீளக் கையுறையோடு வாங்கிக்கொண்டு, "மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் ஒண்ணும் எழுதாதீங்க," என்றார்.

மூன்று நாள் எந்தப் பேப்பர் காத்திருக்கும்? மறுநாள் காலையிலேயே 'பொங்கலூரில் மர்ம நோய்' என்று எட்டுப் பத்தித் தலைப்போடு வந்துவிட்டது. இடது பக்கம் செத்த குவியல், வலது பக்கம் மாஸ்டரும் சம்சாரமும். சோடி அழகாகத்தான் அமைந்திருந்தது. கறிக்கடைகளில் அன்றைக்கே ஈ ஓட்டினார்கள்.

மூன்றாம் நாள் சோதனை முடிவு வந்தது. பறவைக் காய்ச்சல் இல்லை, ராணிக்கெட். கோழிக்காரர்கள் கழுத்துத் திருகல் என்று சொல்லுகிற பழைய நோய்தான். மனுஷனுக்குப் பயமில்லை, கோழிக்குத்தான் எமன். அதை நான் எழுதிக் கொடுத்தேன். ஏழாம் பக்கத்தில் நான்கு வரி வந்தது.

அதற்கடுத்த இரண்டாம் நாள் காலையில் மாஸ்டர் போன் செய்தார். டாக்டருக்கு இல்லை, கோழிக் கம்பெனிக்கு இல்லை, எனக்கு.

"அண்ணா, ரெண்டு மூணு கழுத்தைத் திருப்பிக்கிட்டு சுத்துதுங்க. நீங்க அந்த டாக்டரம்மாகிட்டச் சித்தெ சொல்லுங்களேன். உங்களுக்குத்தான் பழக்கமாச்சுங்களே."

பழக்கம். விஞ்ஞானிக்குச் சொன்னேன். அவர் உதவியாளோடு ஜீப்பில் வந்தார். நான் வேலிக்கு வெளியே நின்றேன். அதற்குள் நாற்பது ஐம்பது விழுந்திருந்தது. அவர் ஒன்றை அங்கேயே அறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு மாஸ்டரை அதட்டாமல், அன்பாகத்தான் கேட்டார்:

"கடைசி பத்து நாளுக்குள்ள வெளியாட்கள் யாராவது ஷெட்டுக்குள்ள வந்தாங்களா?"

மாஸ்டர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "ஆரும் வரலீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"தீவன லாரி வந்துச்சுங்க. அது கேட்டோட சரிங்க. உள்ள ஆரும் வரலீங்க."

அவர் சம்சாரம் மட்டும் வேலிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். "பேப்பர்ல படம் நெம்ப நல்லா வுளுந்திருந்துதுங்க," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவ்வளவுதான் சொன்னார். அந்தக் குரலில் ஏச்சு இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் வாயைத் திறக்கவில்லை. விஞ்ஞானி 'வெளியாட்கள் இல்லை' என்று எழுதிக்கொண்டார். அப்புறம் ஒரு வாரம் தீவன லாரியின் தடத்தைத் தேடி அவர் ஊர் ஊராக அலைந்தார். லாரி டிரைவரைக் கோழிக் கம்பெனிக்காரர்கள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அந்த வாரத்துக்குள் மாஸ்டர் ஷெட்டில் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சத்தையும் புதைக்கச் சொன்னார்கள். சுண்ணாம்பு மூட்டையை அவர் தனியாளாகத் தூக்கிக் கொட்டினதையும், கொட்டிக் கொட்டி நின்று மூச்சு வாங்கினதையும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கேமரா தோளில் இருந்தது. எடுக்கவில்லை.

எட்டாம் நாள் ஆய்வுக்கூடத்துக்குப் போய் விஞ்ஞானியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குவியலை மிதித்தது, தட்டை நகர்த்தியது, அவரிடம் பொய் சொன்னது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"போகாதீங்கன்னு சொன்னேன். உங்க செருப்புல ஒட்டிக்கிட்டு அது அடுத்த ஷெட்டுக்குப் போகும்னு சொல்லலையே. அந்த ஒரு வரியைச் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்குமா?" என்றார். "அரை வாக்கியத்தோட நிறுத்திக்கிட்டா உங்க ஆட்கள் அதைத் திரிக்க முடியாதுன்னு இருந்துட்டேன்."

"மீதி அரையை நானே போட்டுக்கிட்டனுங்க மேடம்."

"அதுதான் எப்பவும் நடக்குது." மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இன்னொண்ணு. உங்களை வெளியே நிறுத்தி வச்சுக்கிட்டு அவர்கிட்ட அந்தக் கேள்வியைக் கேட்டேன் பாருங்க. வந்த ஆள் எதிர்க்க நிற்கும்போது இந்த ஊர்க்காரர் எப்படிச் சொல்லுவார்? இருபது வருஷம் இங்க இருந்துட்டு எனக்கு அது தெரியலை."

அன்றைக்கு மத்தியானம்தான் நாங்கள் இரண்டு பேரும் முதன்முதலாக முழு வாக்கியத்தில் பேசினோம் என்று சொல்ல வேண்டும். சோதனைக்கு ஏன் மூன்று நாள் ஆகிறது, முட்டைக்குள் வைத்துக் கிருமியை எப்படி வளர்க்கிறார்கள் என்று காட்டினார். நான் டெஸ்கில் தலைப்பை யார் போடுகிறார்கள், வாலை ஏன் வெட்டுகிறார்கள் என்று சொன்னேன். முக்கியமானதைக் கடைசியில் சொல்லாமல் முதல் வரியில் சொல்லுங்கள் மேடம், வெட்டினாலும் அது நிற்கும் என்றேன். அதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். புரிந்ததா என்று என்னையே திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன், இரண்டு இடத்தில் தப்பு, திருத்தினார். இத்தனை சுலபமான வேலையை முந்தியே செய்திருக்கலாம். ஐந்தாயிரம் கோழிக்கு அப்புறம் செய்தோம்.

மாஸ்டருக்கு ஏதாவது பண்ண முடியுமா என்று கேட்டேன். நோய் எப்படி வந்ததென்று தெரிந்தால், வளர்த்தவர் மேல் குற்றமில்லை என்று கோழிக் கம்பெனிக்குக் கடிதம் எழுதலாம், அதற்கு என் வாக்குமூலம் வேண்டும் என்றார். அங்கேயே உட்கார்ந்து வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் தன் குறிப்பையும் சேர்த்து அனுப்பினார். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போல இருந்தது. இதையே செய்தியாகவும் எழுதினேன். நிருபர் செருப்பில் நோய் போனது என்று. ஆசிரியர் படித்துவிட்டு, "நம்ம மூஞ்சியில நாமளே சாணி அடிச்சுக்கிறதா?" என்று ஓரமாய் வைத்தார். கோழிப் பண்ணையாளர்களுக்கு யோசனை என்று ஐந்து வரி மட்டும் வந்தது.

கோழிக் கம்பெனியிலிருந்து பதில் சீக்கிரமே வந்தது. விஞ்ஞானி அதைப் போனில் எனக்குப் படித்துக் காட்டினார். வெளியாளை ஷெட்டுக்குள் விட்டதாக இப்போது எழுத்திலேயே தெரியவந்திருக்கிறது, ஒப்பந்தப்படி அது வளர்ப்பவரின் மீறல், ஆகவே இனி அந்த ஷெட்டுக்குக் குஞ்சு இறக்க இயலாது. நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. உண்மையைத்தான் எழுதினோம். அதை வைத்தே கதவைச் சாத்திவிட்டார்கள். படித்து முடித்ததும் அந்த அம்மா, "நான் கம்பெனிக்காரங்களை முதல்ல விசாரிச்சிருக்கணும்," என்றார். "நான் மாஸ்டரைக் கேட்டிருக்கோணுமுங்க," என்றேன். அவரைக் கேட்காமலே அவருக்கு நல்லது செய்யப் போயிருந்தோம்.

அடுத்த மாசம் மாஸ்டர் மறுபடி பெருமாநல்லூருக்கு வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். அதே கம்பெனி, அதே வெட்டு மேஜை. ஒரு நாள் பதினோரு மணி டீ நேரத்துக்குப் போய் கேட் எதிரில் நின்றேன். கூட்டத்தோடு வெளியே வந்தார். மூக்கையும் வாயையும் பனியன் வேஸ்ட் துணியால் கட்டியிருந்தார். புருவத்தில் பஞ்சு படிந்து நரைத்த மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் துணியை இறக்கிவிட்டு, "வாங்கண்ணா, டீ சொல்லுட்டுங்களா?" என்றார்.

என்னால்தான் மாஸ்டர் என்று ஆரம்பித்தேன்.

"தெரியுமுங்க. டாக்டரம்மா கேட்டப்பவே தெரியுமுங்க."

"அப்பறம் ஏனுங்க சொல்லல?"

"ஊடு தேடி வந்தவீங்களை எப்படிங்க காட்டிக் குடுக்கறது? அதுவும் நீங்க நின்னுட்டு இருக்கறப்ப." டீயை ஊதிக் குடித்தார். நடுவில் இருமல் வந்துவிட்டது. கிளாஸை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடங்க நேரம் ஆனது. நான் அவர் முதுகில் கை வைக்கலாமா என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

சம்சாரம் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "அவளுக்குத்தானுங்க வெசனம். காலையில எந்திரிச்சா எங்க போறதுன்னு தெரியாம அந்தக் காலி ஷெட்டையே கூட்டிட்டு நிக்கறா."

கேட்டில் சங்கு ஊதியது. ஆட்கள் பீடியை மிதித்து அணைத்துவிட்டு உள்ளே போக ஆரம்பித்தார்கள். மாஸ்டர் துணியை மறுபடி மூக்கின் மேல் ஏற்றினார். அதற்குள்ளிருந்தே சொன்னார்:

"நீங்க வெசனப்படாதீங்கண்ணா. ஆராவது கேட்டாங்கன்னா நான் உள்ள கூப்புட்டேன், அதனாலதான் வந்தீங்கன்னு சொல்லீருங்க. பேப்பர்ல எழுதுனாலும் அப்படியே எழுதீருங்க."

அப்படி எழுத முடியாது மாஸ்டர். நீங்கள் கூப்பிடவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டே நானாகத்தான் வந்தேன்.